ஒருவர் எத்தனை முறை வழக்குப் போடலாம்? தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டம்: ஓர் எளிய விளக்கம்

வக்கீல் வைக்காமல் தன் வழக்கைத் தானே நடத்திக்கொள்ள இந்தியாவில் எவருக்கும் உரிமை உண்டு. உரிமையியல் (சிவில்) விசாரணை முறைச் சட்டத்தின் 3-ஆம் கட்டளை, 1-ஆம் விதி அதற்கு இடம் கொடுக்கிறது. இப்படி வருபவரை நீதிமன்ற வளாகத்தில் ‘பார்ட்டி இன் பெர்சன்’ என்பார்கள். சிலருக்கு வக்கீல் கட்டணம் கொடுக்க வழியில்லை. சிலருக்கு முன்பு வைத்த வக்கீல் மேல் நம்பிக்கை போய்விட்டது. வேறு சிலர், தன் வழக்கு தன்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது என்று நினைப்பவர்கள். இதில் எதுவும் தவறில்லை.

தோற்றுப்போன அதே விவகாரத்தை வேறு பெயரில், வேறு நீதிமன்றத்தில், வேறு சட்டப் பிரிவின் கீழ் திரும்பத் திரும்பக் கொண்டுவரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எதிர்த் தரப்பில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் வக்கீல் வைத்து, வேலைக்கு லீவு போட்டு, வாய்தாவுக்கு அலைந்தாக வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டில் 1949 முதல் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது: தமிழ்நாடு தொல்லை வழக்குகள் (தடுப்பு) சட்டம். மொத்தம் ஐந்தே பிரிவுகள். இப்படி ஒரு சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர், “இதில் உத்தரவு வாங்கிவிட்டால் அவன் இனி கோர்ட் வாசலையே மிதிக்க முடியாது” என்று நினைக்கிறார்கள். அது தவறு. உத்தரவுக்கு ஆளானவரும் வழக்குப் போடலாம். அதற்கு முன்னால் ஒரு நீதிபதியிடம் காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். இந்தச் சட்டம் செய்வது அவ்வளவுதான்.

தொல்லை எங்கே தொடங்குகிறது

ஒரு மாதிரிக்கு இப்படி வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சுவர். சுவரை ஒட்டிய அரை அடி நிலம் யாருடையது என்று தகராறு. ஒருவர் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு, கேட்டு வழக்குப் போடுகிறார். நீதிமன்றம் அனுப்பிய அட்வகேட் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளக்கிறார். அறிக்கை அவருக்கு எதிராக வருகிறது, வழக்குத் தள்ளுபடியாகிறது. சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்கிறார், அங்கும் தோல்வி. உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு போடுகிறார். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவு 100-இன்படி அங்கே முக்கியமான சட்டப் பிரச்சினை ஏதாவது இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்கிறார்கள்.

இதுவரை அவர் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எல்லாம் சட்டம் திறந்துவைத்த வழி. மூன்று இடத்தில் தோற்றார் என்பதற்காக அவரைத் தொல்லை வழக்காடி என்று சொல்லிவிட முடியாது.

பிறகு அதே அரை அடிக்கு மனைவி பெயரில், உரிமை தன்னுடையது என்று அறிவிக்கக் கேட்கும் ஒரு விளம்புகை வழக்கு வருகிறது. கமிஷனர் பொய் அறிக்கை கொடுத்தார் என்று மாஜிஸ்ட்ரேட் முன் தனிநபர் புகார். பட்டா விவகாரமாகத் தாசில்தார் மேல் ரிட் மனு. எதிர்த் தரப்புக்குச் சாட்சி சொன்ன கிராம நிர்வாக அலுவலரிடம் இழப்பீடு கேட்டு ஒரு வழக்கு. அதிலும் தோற்றதும், தீர்ப்பு எழுதிய நீதிபதியையே பிரதிவாதியாகச் சேர்த்து இன்னொன்று. தலைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக இருக்கும். ஆனால் மனுவின் மூன்றாம், நான்காம் பத்தியைப் புரட்டினால் அதே சர்வே எண், அதே கமிஷனர் அறிக்கை, அதே வாக்கியங்கள். வழக்குக் கட்டை எடுத்துப் பார்க்கும் நீதிபதி முதலில் தேடுவது இதைத்தான்.

இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த பிங்காம் பிரபு 2000-இல் ஒரு தீர்ப்பில் தொல்லை வழக்குக்கு அடையாளம் சொன்னார். சட்டத்தில் அதற்கு அடிப்படை இருக்காது, அல்லது மிகச் சொற்பமாக இருக்கும். போட்டவருடைய நோக்கம் எதுவாக இருந்தாலும், அவருக்குக் கிடைக்கக்கூடிய பலனோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு எதிர்த் தரப்புக்கு அலைச்சலும் செலவும் வந்து சேரும். அவர் நோக்கத்தை ஒதுக்கிவைத்து விளைவைப் பார்த்தது கவனிக்க வேண்டிய விஷயம். தொல்லை வழக்குப் போடுகிறவர்களில் பெரும்பாலானோர், தங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று மனதார நம்புகிறவர்கள்தான்.

சாதாரணத் தடுப்புகள் ஏன் போதவில்லை

சிறப்புச் சட்டம் இல்லாமலே நீதிமன்றத்தின் கையில் பல கருவிகள் இருக்கின்றன. ஒரு முறை தீர்ந்துபோன பிரச்சினையை அதே தரப்பினர் மறுபடி எழுப்ப முடியாது என்கிறது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் பிரிவு 11. இதுதான் முன்தீர்ப்புத் தடை. முந்தைய வழக்கிலேயே சொல்லியிருக்க வேண்டிய வாதத்தை இப்போது புதிதாகக் கொண்டுவந்தாலும் அதே தடை பொருந்தும். மனைவி பெயரில் போட்டாலும், அவர் அதே உரிமையின் வழியாகத்தான் கேட்கிறார் என்றால் தப்ப முடியாது. முன்தீர்ப்புத் தடை கச்சிதமாகப் பொருந்தாத வழக்கிலும், தீர்ந்த விவகாரத்தைக் கிளறுவது நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவதே என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொல்லியிருக்கிறது.

அடுத்தது அதே சட்டத்தின் 7-ஆம் கட்டளை, 11-ஆம் விதி. வழக்குரையை, அதாவது வழக்குப் போட்டவரின் மனுவை, படித்த மாத்திரத்திலேயே வழக்குமூலம் (வழக்குப் போடுவதற்கான காரணம்) இல்லை, சட்டம் இதைத் தடுக்கிறது என்று தெரிந்தால் சாட்சி விசாரணைக்குப் போகாமலே நிராகரித்துவிடலாம். தோற்ற விவகாரத்தைச் சாமர்த்தியமான வாசகங்களால் மறைத்துக் கொண்டுவரும் வழக்கை முதல் கட்டத்திலேயே கிள்ளி எறிய வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எழுதினார். இன்றுவரை இந்த விதியின் கீழ் போடப்படும் மனுக்களில் அந்தத் தீர்ப்பைக் காட்டாதவர் குறைவு.

பணத் தண்டனையும் உண்டு. பொய் என்று தெரிந்தே எழுப்பிய கோரிக்கைக்கு பிரிவு 35-ஏ ஈட்டுச் செலவுத்தொகை விதிக்கச் சொல்கிறது. ஆனால் உச்சவரம்பு 3,000 ரூபாய். இன்றைக்கு ஒரு வாய்தா செலவுக்கே அது காணாது. வரம்பை உயர்த்தாமல் வைத்திருப்பது இந்தப் பிரிவைச் செத்த பிரிவாக ஆக்கிவிட்டது. ரிட் வழக்கு விசாரிக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இந்த வரம்பு இல்லை. பல நீதிமன்றங்களில் 64 வழக்குகள் போட்டு ஒன்றிலும் வெல்லாத ஓர் அறக்கட்டளைக்கு 2017-இல் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. இனி பொதுநல வழக்கே போடக் கூடாது என்றும் தடுத்தது.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை வழக்கு நம்பராகி, சம்மன் வந்த பிறகுதான் வேலை செய்யும் என்பதுதான் குறை. அதைக் கிளப்ப வேண்டிய பாரமும் பிரதிவாதி தலையில். “இது முடிந்துபோன விஷயம்தானே” என்று சும்மா இருந்தால், வராதவருக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிடும். சம்மன் கிடைத்து 30 நாளில் எதிர்வழக்குரை (பதில் மனு) போட வேண்டும், நீதிமன்றம் நீட்டித்தாலும் 90 நாள் வரைதான். ஆக, பத்தாவது தடவையும் முதல் தடவை போலவே ஓட வேண்டும்.

ஐந்து பிரிவுகளில் என்ன இருக்கிறது

முதல் பிரிவு பெயரும் எல்லையும். சட்டத்தின் உயிர் 2-ஆம் பிரிவில் இருக்கிறது. அரசு தலைமை வழக்கறிஞர், அதாவது அட்வகேட் ஜெனரல், உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். ஒருவர் வழக்கமாகவும், நியாயமான காரணம் ஏதுமின்றியும், தொல்லை தரும் சிவில் அல்லது கிரிமினல் நடவடிக்கைகளைத் தொடுத்து வந்திருக்கிறார் என்று உயர் நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். அவருடைய பேச்சையும் கேட்க வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகு உத்தரவு போடலாம்: சென்னை நகரத்தில் உள்ள எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடவும் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மற்ற ஊர்களில் மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதியின் அனுமதி வேண்டும்.

இதே பிரிவில் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு இருக்கிறது. உத்தரவுக்கு ஆளாகப்போகிறவர் வறுமையால் வக்கீல் வைக்க முடியாதவர் என்று தெரிந்தால், உயர் நீதிமன்றமே அவருக்காக ஒரு வக்கீலை அமர்த்தலாம். ஒருவருடைய வழக்குப் போடும் உரிமையிலேயே கைவைக்கும் நடவடிக்கை என்பதால் இந்த ஏற்பாடு. இந்தச் சட்டத்தில் மிக மனிதத்தன்மையுள்ள வரி இதுதான். நோட்டீஸ் வந்தவர் முதலில் கேட்க வேண்டியதும் இதையே.

மூன்றாம் பிரிவு, அனுமதி எப்போது கொடுக்கலாம் என்கிறது. போடப்போகும் வழக்குக்கு முதல் பார்வையிலேயே தெரியும்படியான ஆதாரம் இருக்க வேண்டும். ஜெயிப்போம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நான்காம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். அனுமதி கேட்டுப் போடும் மனுவுக்கு இது பொருந்தாது. ஐந்தாம் பிரிவு, உத்தரவின் நகலை அரசிதழில் வெளியிடச் சொல்கிறது.

சட்டத்தில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். எத்தனை வழக்குப் போட்டால் ‘வழக்கமாக’ என்று ஆகும் என்பதற்கு எண்ணிக்கை இல்லை. உத்தரவு எத்தனை ஆண்டு செல்லும் என்று காலவரம்பு இல்லை. வக்கீல் வைத்தவர், வைக்காதவர் என்ற பேதம் இல்லை. வக்கீல் மூலம் தொல்லை வழக்குப் போடுபவருக்கும் இது பொருந்தும். பேச்சு முழுக்க நீதிமன்ற நடவடிக்கையைப் பற்றியது என்பதால், காவல் நிலைய மனு, கலெக்டரிடம் கொடுக்கும் மனு, தகவல் உரிமை விண்ணப்பம் ஆகியவற்றை இந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது. அனுமதி வேண்டும் என்பது புதிதாகத் தொடுக்கும் நடவடிக்கைக்குத்தான். அவர்மேல் பிறர் போட்ட வழக்கில் எதிர்வழக்குரை போட்டுத் தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

சட்டம் வந்த வழி

இதன் வேர் இங்கிலாந்தில். 1887-இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரே வழக்கில் மனுமேல் மனுவாகப் போட்டவர்களை, இனி அந்த வழக்கில் அனுமதியில்லாமல் மனுப் போடக் கூடாது என்று தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் தடுத்தது. ஆனால் புதிய வழக்கு போடுவதைத் தடுக்க அந்த அதிகாரம் போதவில்லை. அலெக்சாண்டர் சாஃபர்ஸ் என்ற ஒருவர் சில ஆண்டுகளுக்குள் 48 வழக்குகள் போட்டார். வேல்ஸ் இளவரசரும் நீதிபதிகளும்கூட அவரிடம் தப்பவில்லை. அதன்பின் 1896-இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. சென்னை மாகாணம் 1949-இல் கொண்டுவந்தது அதே வார்ப்பு. மனுப் போடும் அதிகாரத்தை அரசின் தலைமை வழக்கறிஞருக்கு மட்டும் கொடுத்ததும் அங்கிருந்து வந்ததுதான்.

இந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று வாதாடப்பட்டது. 1965-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. நீதிமன்றத்தை அணுகும் வழி அடைபடவில்லை, உண்மையான காரணம் இருந்தால் அனுமதி கிடைக்கும் என்பதே அதன் அடிப்படை. மகாராஷ்டிரம் 1971-இலும், மத்தியப் பிரதேசம் 2015-இலும் இப்படிச் சட்டம் இயற்றின. நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று நீதிபதி ஜகன்னாத ராவ் தலைமையிலான சட்ட ஆணையம் 2005-இல் தன் 192-ஆவது அறிக்கையில் வரைவோடு பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும்

பலர் செய்யும் முதல் தவறு, முன்சீப் நீதிமன்றத்திலேயே “இவரை இனி வழக்குப் போடாமல் தடுங்கள்” என்று மனுப் போடுவது. அந்த நீதிமன்றத்துக்கு இந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் இல்லை. இரண்டாவது தவறு, தானே நேராக உயர் நீதிமன்றத்தில் இந்தச் சட்டப்படி மனுப் போடுவது. மனுப் போட வேண்டியவர் அட்வகேட் ஜெனரல். பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியது, அவருடைய அலுவலகத்துக்கு ஆவணங்களோடு விண்ணப்பம் கொடுப்பது.

அந்த விண்ணப்பத்தின் பலம் ஒரு பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வரி: வழக்கு எண், ஆண்டு, எந்த நீதிமன்றம், யார் யார் தரப்பு, என்ன கேட்டார், என்ன முடிவு, எந்தத் தேதியில், செலவுத்தொகை விதித்தார்களா, கட்டினாரா. கடைசி நிரலில், முந்தைய எந்த வழக்கின் எந்தப் பிரச்சினையை இது மறுபடி எழுப்புகிறது என்று எழுத வேண்டும். ‘நிலுவை’ என்று ஒரு வழக்கு இருந்தால் மறைக்காமல் அப்படியே போடுங்கள். அவர் ஜெயித்த வழக்கு ஏதாவது இருந்தால் அதையும் போடுங்கள். அதை மறைத்தது பிறகு தெரியவந்தால் மொத்தப் பட்டியலின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

வழக்குகளைத் தேட இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தரப்பினர் பெயரை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. பெயரின் எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு வழக்கிலும் மாறும். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், புள்ளி இருக்கும், இருக்காது. எல்லா விதத்திலும் தேடுங்கள். கிடைத்த ஒவ்வொன்றின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் (அந்த வழக்குக்கு மட்டுமே உரிய அடையாள எண்) குறித்துக்கொண்டு, தீர்ப்புக்கும் டிக்ரிக்கும் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். இணையத்தில் எடுத்த பிரிண்ட் தேடுவதற்குத்தான் உதவும், சாட்சியத்துக்கு நகல்தான் வேண்டும். வழக்குரையின் நகலும் தேவை. தீர்ப்பில் சுருக்கமாகத்தான் இருக்கும். பழைய வழக்குரையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போதுதான் அதே வாக்கியம் திரும்பி வருவது பளிச்சென்று தெரியும்.

அட்வகேட் ஜெனரல் தன்னிடம் வரும் எல்லா விண்ணப்பத்தையும் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. பணமும் செல்வாக்கும் உள்ள ஒரு தரப்பு, நியாயம் கேட்டு அலையும் ஏழையை வாயடைக்க இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துவிடாமல் இருக்க அவர்தான் காவல். ஆனால் அதனாலேயே காலம் பிடிக்கும். அதுவரை சும்மா இருக்க முடியாது. வரும் ஒவ்வொரு வழக்கிலும் ஆஜராகி, முன்தீர்ப்புத் தடையை எதிர்வழக்குரையிலேயே எழுதி, 7-ஆம் கட்டளை 11-ஆம் விதி மனுவை உடனே போட வேண்டும். அடுத்த வழக்கு வரப்போவது தெரிந்தால் பிரிவு 148-ஏ-வின் கீழ் கேவியட் போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். உங்களுக்குத் தெரியாமல் இடைக்கால உத்தரவு வாங்குவதை அது தடுக்கும். 90 நாள் முடிந்ததும் புதுப்பிக்க மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

உத்தரவு வந்தபின்னும் ஒரு வேலை பாக்கி. தூரத்து மாவட்டத்தில் ஒரு புது வழக்கு தாக்கலாகும்போது, தாக்கல் பிரிவில் இருப்பவருக்குப் பழைய அரசிதழ் அறிவிப்பு நினைவிருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அரசிதழ் நகலைக் கையில் வைத்திருந்து, நான்காம் பிரிவைச் சுட்டி ஒரு மெமோ போட்டால் போதும்.

தானே வாதிடுபவர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

அதிகம் கவலைப்பட வேண்டியது இவர்களைப் பற்றித்தான். நியாயமான குறை உள்ள ஒருவர், நடைமுறை தெரியாததால் ஒரே விஷயத்துக்கு நான்கு வழக்குப் போட நேர்ந்து, பட்டியலில் பார்க்கும்போது தொல்லை வழக்காடி போலத் தெரிவார்.

வழக்கில் ஏதோ குறை இருக்கிறது, திரும்பப் பெற்றுக்கொண்டு சரியாகப் போடலாம் என்று நீதிபதி சொல்வார். இவர் வழக்குக் கட்டிலேயே “வலியுறுத்தவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவ்வளவுதான், கதை முடிந்தது. 23-ஆம் கட்டளை, 1-ஆம் விதியின்படி, புதிதாக வழக்குப் போட உரிமையளித்துத் திரும்பப் பெற அனுமதிக்க வேண்டும் என்று மனுவில் கேட்டு, உத்தரவிலும் அந்த வார்த்தைகள் இருக்கும்படி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அதே விவகாரத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது.

வாய்தாவுக்குப் போகாமல் வழக்கு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதிலும் இதே குழப்பம். அன்றைக்கு இரண்டு தரப்பும் வராமல் தள்ளுபடியானால், காலவரையறைக்குள், அதாவது வழக்குப் போடச் சட்டம் வைத்த கெடுவுக்குள், புது வழக்குப் போடலாம். பிரதிவாதி மட்டும் வந்திருந்தால் புது வழக்குக்கு வழியே இல்லை. 30 நாளுக்குள் பழைய வழக்கைக் கோப்பில் எடுக்க மனுப் போட வேண்டும். எனவே தள்ளுபடி உத்தரவில் யார் ஆஜர் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். வழக்குரை 7-ஆம் கட்டளை 11-ஆம் விதியில் நிராகரிக்கப்பட்டால் நிலைமை வேறு. குறையைச் சரிசெய்து புது வழக்குரை போட 13-ஆம் விதி இடம் கொடுக்கிறது, காலவரையறை மட்டும் தாண்டியிருக்கக் கூடாது.

மறு ஆய்வு மனு இன்னொரு குழி. தீர்ப்பில் முகத்திலேயே தெரியும் பிழை, அல்லது எவ்வளவு முயன்றும் முன்பு கிடைக்காத ஆவணம், இப்படி ஏதாவது இருந்தால்தான் அது செல்லும். தீர்ப்பு தவறு என்று தோன்றினால் மேல்முறையீடுதான் வழி. மறு ஆய்வில் வந்த உத்தரவை மறுபடி மறு ஆய்வு செய்யச் சொல்லி மனுப் போடவே முடியாது, 47-ஆம் கட்டளை 9-ஆம் விதி அதை நேரடியாகத் தடுக்கிறது. தானே வாதிடுபவர்களின் பட்டியல் நீளுவது பெரும்பாலும் இங்கேதான்.

கோபத்தில் நீதிபதி மேல் குற்றம் சாட்டி எழுதுவதைத் தவிருங்கள். நம்பிக்கை இல்லையென்றால் பிரிவு 24-இன் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கை மாற்றக் கேட்கலாம். என்ன நடந்தது, எந்தத் தேதியில், வழக்குக் கட்டில் என்ன பதிவாகியிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். “காசு வாங்கிவிட்டார்” என்று ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதினால் அது நீதிமன்ற அவமதிப்பாகி, ஆறு மாதம் வரை சிறை வைக்கச் சட்டம் இருக்கிறது. அதைவிட, உங்கள் மனுவில் இருக்கும் நியாயத்தை அதன்பின் யாரும் படிக்க மாட்டார்கள்.

எந்த மனுவிலும் முந்தைய வழக்குகள் எல்லாவற்றையும் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். “இதே நிலம் குறித்து முன்பு இன்ன வழக்கு, இன்ன முடிவு, இப்போது கேட்பது அதிலிருந்து இந்த வகையில் வேறு” என்று இரண்டு பத்தி போதும். எதிர்த் தரப்பு எடுத்துக்காட்டினால் அது மறைப்பு. நீங்களே சொன்னால் அது விளக்கம்.

உச்ச நீதிமன்றத்தில் தானே வாதிட விரும்புபவர் முதலில் பதிவாளரிடம் விண்ணப்பித்து, அவர் முன் நேரில் போக வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்திலும் நேரில் வாதிடுவோருக்குத் தனி விதிகளும், அவர்களைச் சந்தித்துப் பேசும் குழுவும் உண்டு. இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். அங்கே பொறுமையாகப் பேசினால், எந்த மனு செல்லும், எது செல்லாது என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

வேறு நாடுகளில்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டம் 1963-இல் வந்தது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் இல்லாத எண்ணிக்கை அதில் இருக்கிறது: முந்தைய ஏழு ஆண்டுகளில், வக்கீல் இல்லாமல் தானே நடத்திய வழக்குகளில் ஐந்து எதிராக முடிந்திருக்க வேண்டும். சிறு தொகை நீதிமன்ற வழக்குகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படிப்பட்டவரிடம் எதிர்த் தரப்பின் செலவுக்குப் பிணைத்தொகை கட்டச் சொல்லலாம். முன் அனுமதி இல்லாமல் புது வழக்குப் போடவும் தடை விதிக்கலாம். தடைக்கு ஆளானவர்களின் பட்டியலை மாநில நீதித்துறை மன்றம் பராமரிக்கிறது. தாக்கல் பிரிவில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள்.

இங்கிலாந்தில் 2004 முதல் மூன்று படிகள் இருக்கின்றன. ஒரே வழக்கில் முழுக்க ஆதாரமற்ற மனுக்களை இரண்டு முறை போட்டாலே, அந்த வழக்குக்குள் மட்டும் கட்டுப்பாடு வரும். விடாமல் தொடர்ந்தால் அந்த விவகாரம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும், அதற்கும் மேலே போனால் எந்த விவகாரத்துக்கும். இதற்கு அடிப்படையாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆதாரமற்ற மனுவைத் தள்ளுபடி செய்யும் நீதிபதி, அது முழுக்க ஆதாரமற்றது என்று உத்தரவிலேயே எழுதியாக வேண்டும். நம் நீதிமன்றங்களும் இதை உடனே எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை அப்படி எழுதப்பட்டாலே, தானே வாதிடுபவருக்கு அது நேரான எச்சரிக்கை. பின்னால் பட்டியல் தயாரிக்கும்போதும் வாதத்துக்கு இடமிருக்காது.

உத்தரவு வந்தபின் அனுமதி கேட்பது எப்படி

அனுமதி மனுவோடு, போடப்போகும் வழக்குரையை முழுமையாகத் தயார் செய்து இணைக்க வேண்டும். “ஒரு வழக்குப் போட வேண்டியிருக்கிறது” என்று மட்டும் சொன்னால், முதல் பார்வை ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதியால் பார்க்க முடியாது. எந்த ஆவணத்தை நம்பியிருக்கிறீர்களோ அதன் நகலும் வேண்டும். உத்தரவின் நகலை நீங்களே முன்னால் வையுங்கள். சென்னையில் போடும் வழக்குக்கு உயர் நீதிமன்றம். மதுரையில் முன்சீப் நீதிமன்றத்தில் போட வேண்டுமானால் மதுரை மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதி. இடம் மாறிப் போட்டால் மனு திரும்பி வரும், நாள் போகும்.

நாள்தான் இதில் பெரிய ஆபத்து. அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் காலவரையறைக் கணக்கில் கழியும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். மூன்று ஆண்டு அவகாசம் உள்ள பணப் பாக்கி வழக்கு என்றால், கடைசி மாதம் வரை வைத்துக்கொண்டிருக்காமல் ஆறேழு மாதம் முன்பே அனுமதி மனுவைப் போடுங்கள்.

உத்தரவுக்குப் பிறகு புதிதாக முளைத்த விவகாரம் என்றால் அதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்: வீட்டு உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, விபத்தில் காயம், சம்பளப் பாக்கி. பழைய சுவர்த் தகராறின் சாயல் ஒரு வரியில்கூட இருக்கக் கூடாது. வக்கீல் வைக்க முடியாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழுவிடம் போகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. அனுமதி மனுவில் ஒரு வக்கீலின் கையெழுத்தும் சேர்ந்திருந்தால், வெளியாள் ஒருவரும் இந்த வழக்கைப் படித்துப் பார்த்திருக்கிறார் என்பது நீதிபதிக்குத் தெரியும்.